மூடாத சிமிழ்

செண்டாய்
10 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? இங்கே ஜப்பானில் பனி கொட்டுகிறது. காலையில் சைக்கிளைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் பட்டென்று வைத்துவிடுகிறேன். போன வாரம் அப்படித்தான் ஆனது. அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுத்தில் பேசுவோம். மின்னஞ்சலில் வந்தாலும் இதைக் கடிதமாகவே நினைத்து நிதானமாகப் படி.

நம் சிமிழ்கள் இங்கே மூட மறுக்கின்றன. நான் கணினியில் வடிவமைத்தபடி கூலிம் ஆய்வகத்தில் நீ செய்து அனுப்பிய அதே பொடி, நீ எழுதித் தந்த அதே செய்முறை, அதே நடுக்குவாத மருந்து. கரைசலில் அரைக் கிண்ண வடிவ மூலக்கூறுகள் இரண்டும் விளிம்போடு விளிம்பு ஒட்டி, மருந்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு சிமிழாக மூட வேண்டும். அக்டோபரில் உன் கையில் மூடியது. இங்கே நான் செய்தேன், மூடவில்லை. பக்கத்து மேசைப் பெண் செய்தாள், மூடவில்லை. ஓனோ பேராசிரியர் தன் பழைய மாணவன் ஒருவனை வரவழைத்துச் செய்யச் சொன்னார். அவனுக்கும் அதே கதிதான்.

அம்மாவுக்கு நான் இதை விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? "கண்ணுக்கே தெரியாத கொழுக்கட்டைம்மா. கை படாம தானா மூடிக்கும். ஆனா உள்ள பூரணம் சரியான அளவுல இருந்தாத்தான் மூடும்" என்றேன். "அப்ப உனக்குப் பொண்டாட்டி தேவையில்ல லா" என்று அம்மா சிரித்தாள்.

பேராசிரியர் இப்போது சிரிக்கவில்லை. கட்டுரை அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது. அதைத் தாங்கி நிற்பவையே நீ எடுத்த வரைபடங்கள்தான். அசல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்கிறார். அக்டோபர் குப்பிகளில் மிச்சம் இருந்தால் அவற்றையும் அனுப்பு. ஏதாவது மாற்றிச் செய்தாயா என்று யோசித்துப் பார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அன்புத் தம்பி
காளிதாசன்

*

செமிலிங்
16 ஜனவரி 2026

அன்புத் தம்பி காளிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். அம்மா நன்றாக இருக்கிறாள். பானை பொங்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

"தப்பாக எடுத்துக்கொள்ளாதே" என்று ஒருவன் எழுதினாலே தப்பாக ஏதோ பின்னால் வருகிறது என்று அர்த்தம். சரி, வரட்டும். அசல் பதிவுகள் முழுவதையும் அனுப்பிவிட்டேன். என் எழுத்து புரியவில்லை என்றால் கேள், திட்டாமல் சொல்கிறேன்.

இனி நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. டிசம்பரிலிருந்து எனக்கும் அது மூடவில்லை. புது வருடத்திலிருந்து திரும்பத் திரும்பச் செய்கிறேன். காந்தக் கருவியில் வைத்தால் கிண்ணங்கள் தனித்தனியாகத்தான் மிதக்கின்றன. இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். மடியில் கனமில்லை, அதனால் வழியில் பயமில்லை.

அக்டோபர் குப்பிகளும் இல்லை. டிசம்பரில் பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று எங்கள் டெக்னீசியன் மணியம் மொத்த ஆய்வகத்தையும் கழுவித் துடைத்துவிட்டான். கேட்டால், "நீங்கதானே அக்கா சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்க" என்கிறான். சொன்னது நான்தான்.

இது எப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்டோபரில் அது மூடியதை நான் கண்ணால் பார்த்தேன். காந்தக் கருவி வரையும் கோடுகள் நகர்ந்தன. உள்ளே ஒன்று அடைபட்டிருக்கிறது என்று கருவி காட்டியது. எங்களுடையது சின்னக் கருவி, உள்ளே இருப்பதன் முகம் கலங்கலாகத்தான் தெரியும். நாங்கள் போட்டது மருந்து, அதனால் உள்ளே இருப்பது மருந்து என்று நான் சொன்னேன், நீயும் ஆமாம் என்றாய்.

எங்கள் முதலாளி அட்ரியன் அந்தச் சிமிழின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம பிரேமா செஞ்சது, தெரியுமா?" என்கிறார். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

அன்பு அக்கா
பிரேமா

*

செண்டாய்
23 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

பதிவுகள் வந்தன. நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம். அக்டோபர் முதல் வாரத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அந்த வாரத்திலிருந்து திடீரென்று எல்லாம் அழகாக மூடுகின்றன. டிசம்பரில் திடீரென்று நிற்கிறது. குப்பிகளும் கழுவப்பட்டுவிட்டன. இதை வெளியாள் ஒருவன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று நீயே சொல்.

ஓனோ பேராசிரியர் நல்லவர். குரலை உயர்த்தவே மாட்டார். நேற்று என்னைத் தனியாக அழைத்து, "உன் மலேசியக் கூட்டாளியை உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார். நன்றாகத் தெரியும் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அக்கா என்று சொன்னால் சொந்தக்காரியின் பெயரைக் கட்டுரையில் சேர்த்தான் என்று ஆகிவிடும் என்று ஆரம்பத்திலேயே சொல்லாமல் விட்டேன். இப்போது சொன்னால் இன்னும் மோசம்.

பத்திரிகைக்குப் பிப்ரவரி முதல் வாரத்தில் பதில் தர வேண்டும். அதனால் ஒரே ஒரு தடவை கேட்கிறேன். அட்ரியன் அவசரப்படுத்தினாரா? நீ அந்தக் கோடுகளில் கை வைத்தாயா? வைத்திருந்தால் என்னிடம் மட்டும் சொல். நான் எப்படியாவது சமாளிக்கிறேன். உன் மேல் எனக்குக் கோபமே வராது.

அன்புத் தம்பி
காளி

*

செமிலிங்
24 ஜனவரி 2026

காளி,

கேட்டுவிட்டாய். கேட்டதோடு நிற்காமல், நான் செய்திருந்தால் மன்னிப்பதாகவும் சொல்லிவிட்டாய். எது அதிகம் வலிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

இல்லை. நான் கை வைக்கவில்லை. யாரும் வைக்கச் சொல்லவும் இல்லை.

அது ஏன் மூடியது, ஏன் நின்றது என்று நானே கண்டுபிடிக்கிறேன். அக்டோபரில் ஆய்வகத்தில் ஏதோ இருந்திருக்கிறது, இப்போது அது இல்லை. தைப்பூசம் முடியும்வரை பொறு. பொறுக்க முடியாது என்றால் எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பிரேமா

*

செமிலிங்
6 பிப்ரவரி 2026

காளி,

நீ பதில் போடவில்லை. ஏன் என்று நேற்றுதான் புரிந்தது.

நேற்றுக் காலை அட்ரியன் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு நீங்கள் எழுதியது. "மலேசியத் தரப்பு அளித்த தரவுகளின் நம்பகத்தன்மைக்கு எங்களால் உறுதி அளிக்க இயலவில்லை." கீழே உன் பேராசிரியர் கையெழுத்து, அதன் கீழே உன் கையெழுத்து. தேதி ஜனவரி 30. தைப்பூசத்துக்குக்கூட நீ காத்திருக்கவில்லை. நான் மலேசியத் தரப்பாம். உனக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது நான் எந்தத் தரப்பு?

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

மணியத்தைக் கூப்பிட்டு, டிசம்பர் துப்புரவுக்கு முன்னால் ஒவ்வொரு சாமானும் எங்கே இருந்ததோ அங்கேயே திருப்பி வைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் வைத்தான். குப்பிகள் வைக்கும் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் மட்டும் ஒரு இடத்தைக் காலியாக விட்டான். ஏன் என்று கேட்டேன்.

"அங்க நம்ம சாமி சாமான் இருந்துச்சு லா அக்கா. ஆயுத பூஜை முடிஞ்சு நீங்கதானே தாம்பாளத்தோட உள்ள வெக்கச் சொன்னீங்க? குப்பையில போடக்கூடாதுன்னு. செக்கிங் வர்றாங்கன்னு நான்தான் கோயில்ல கொண்டு போய்க் கொடுத்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்டோபர் முதல் தேதி காந்தக் கருவிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினோம். அட்ரியன் கத்தோலிக்கர், அவரும் நின்று கடலை சாப்பிட்டார். பூஜைச் சாமானை எறியக்கூடாது என்று மீதிக் கற்பூரப் பொட்டலத்தைத் தாம்பாளத்தோடு அந்த அலமாரியில் வைத்தோம். கீழ்த்தட்டில் குப்பிகள், எல்லாம் தளர்வான பிளாஸ்டிக் மூடி. கற்பூரம் திறந்த இடத்தில் எப்படிக் கரைந்து காற்றாகும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேதியியல் படித்த எனக்கும் உனக்கும்தான் தோன்றவில்லை.

பாசார் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து ஒரு துணுக்கைக் குப்பியில் போட்டேன். மூடியது. மருந்தே போடாத குப்பியிலும் போட்டேன். அதிலும் மூடியது. புரிகிறதா? சிமிழுக்குள் மருந்து ஒருநாளும் இருந்ததில்லை. கற்பூரம்தான் இருந்தது. அளவு ஏறக்குறைய ஒன்று, நம் சின்னக் கருவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாம் சொன்னது தவறு. ஆனால் நான் பார்த்தது பொய்யில்லை.

இதை எல்லாம் கையில் வைத்துக்கொண்டுதான் நேற்று அட்ரியன் அறைக்குச் சந்தோஷமாகப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் உன் கடிதத்தை நீட்டினார். விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்குள் வர வேண்டாமாம். என் வரைபடங்களை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீயாவது பார்.

பிரேமா

*

செண்டாய்
9 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டது தப்பு. உனக்குச் சொல்லாமல் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. பேராசிரியர் பேனாவை நீட்டியபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. மன்னித்துவிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக்குள் எழுந்து நடந்தேன். கற்பூரம்! எவ்வளவு எளிது! அக்கா, நான் உன்னை முழுசாக நம்புகிறேன். இதில் இனி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள். பூஜை விஷயத்தை அப்படியே சொல்ல வேண்டாம். "அலமாரியில் ஆய்வுக்காக வைத்திருந்த கற்பூரப் புட்டி ஒன்று கசிந்துவிட்டது" என்று எழுதித் தா. வேதியியல் ஒன்றுதானே? எந்த ஆய்வகத்திலும் நடக்கக்கூடியது. கருவிக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினோம் என்று இங்கே சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு என்னோடு கடைசிவரை வரும். அடுத்த வருடம் நான் இங்கேயே வேலைக்கு மனுப்போட இருக்கிறேன். நீ புரிந்துகொள்வாய்.

அட்ரியனுக்கும் அப்படியே சொல். அவருக்கும் அதுதான் நல்லது.

அன்புத் தம்பி
காளி

*

செமிலிங்
11 பிப்ரவரி 2026

காளி,

எழுதித் தர மாட்டேன்.

சொல்லாத பொய்க்குப் பொய்க்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைத் துடைக்க நிஜமாகவே ஒரு பொய்யைச் சொல் என்கிறாய். எங்கள் ஆய்வகத்தில் கற்பூரப் புட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. நாளைக்கு ஒருவன், "எங்கே அந்தப் புட்டி, எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் நான் எங்கே போய் ஒளிவது?

சிரிக்கட்டுமே. பூஜை செய்தது தவறில்லை. பொட்டலத்தைக் குப்பிகளோடு வைத்தது தவறு, அது என் தவறு. அதற்கு என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். சாமி கும்பிட்டதற்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்? உனக்கு வெட்கமாக இருந்தால் அது உன் வெட்கம், என் தலையில் கட்டாதே.

நேற்று அட்ரியனிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன். "பிரேமா, மேல எல்லாருக்கும் மருந்துன்னு சொல்லிட்டேன் லா. இப்ப போய் சூடம்னு எப்படிச் சொல்வேன்?" என்றார். மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்களாம். வாசலில் இருந்த படத்தை நான் வெளியே வரும்போதே மணியம் ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "கழட்டு லா, விழுந்துடாத" என்று சொல்லிவிட்டு வந்தேன். காடியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் பேராசிரியரிடம் போய், பூஜை உள்பட நடந்ததைச் சொல். அந்த மலேசியத் தரப்பு யார் என்றும் சொல். உன் கடிதம் போன இடத்துக்கெல்லாம் அதுவும் போகட்டும்.

பிரேமா

*

செண்டாய்
21 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலிலிருந்து வருகிறேன். இங்கே துணிப் பெட்டியில் பூச்சி அரிக்காமல் இருக்க நல்ல கற்பூரம் விற்கிறார்கள். ஆறாம் தேதி உன் கற்பூர விவரம் வந்த அன்றைக்கே போய் வாங்கினேன். மருந்தோடு, மருந்து இல்லாமல், கற்பூரம் இல்லாமல் என்று எல்லா விதமாகவும் யாருக்கும் தெரியாமல் செய்து பார்த்தேன். எங்கள் பெரிய கருவியில் கண்ணாடி மாதிரி தெரிந்தது. சிமிழ் மூடியிருக்கிறது, உள்ளே கற்பூரம் உட்கார்ந்திருக்கிறது. நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. அப்புறம்தான் ஓனோ பேராசிரியரிடம் போனேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேசச் சொன்னார். ஆயுத பூஜை என்றால் என்ன என்று விளக்கினேன். பொட்டு வைத்ததைச் சொன்னபோது பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். காது சூடானது. பேராசிரியர் திரும்பிப் பார்த்ததும் நின்றது. "அந்தப் பொட்டலத்தை உள்ளே வைக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார். "என் சொந்த அக்கா" என்றேன். "இதை முதலிலேயே நீ சொல்லியிருக்க வேண்டும்" என்றார், அவ்வளவுதான்.

பத்திரிகைக்கும் அட்ரியனுக்கும் புதுக் கடிதம் போய்விட்டது. உன் தரவுகள் உண்மையானவை, விளக்கம் மட்டுமே தவறு என்று தெளிவாக எழுதியிருக்கிறோம். அதைவிட நல்ல செய்தி, இதையே புதுக் கட்டுரையாக எழுதலாம் என்கிறார். கற்பூரம் இடத்தைப் பிடித்துச் சிமிழை மூட வைக்கிறது என்றால், அதை வெளியேற்றி மருந்தை உள்ளே அனுப்ப வழி இருக்கலாம். உன் பெயர் முதலில் வரும். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

எல்லாம் சரியாகிவிட்டது அக்கா. இனி பழையபடி எழுது. அம்மாவிடம் சொன்னாயா?

என்றும் உன் அன்புத் தம்பி
காளி

*

செமிலிங்
23 பிப்ரவரி 2026

காளிதாசனுக்கு,

உன் கடிதமும் பேராசிரியரின் கடிதமும் கிடைத்தன. அவருக்கு என் நன்றியைச் சொல். எல்லார் முன்னாலும் நீ நின்று பேசியதும் லேசான காரியம் இல்லை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

கட்டுரையில் என் பெயரைப் போடு, முதலிலேயே போடு. அது என் உழைப்பு, மறுத்துப் பெருந்தன்மை காட்டப் போவதில்லை. அட்ரியன் போன் செய்தார், மார்ச் மாதம் வந்து பார்க்கச் சொன்னார். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் விவரம் வந்த அன்றைக்கே கற்பூரம் வாங்கினேன் என்கிறாய். அதற்கு மூன்று நாள் கழித்துத்தான், "உன்னை முழுசாக நம்புகிறேன், எந்தச் சந்தேகமும் இல்லை" என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுதும்போதே உன் மேசையில் குப்பிகள் இருந்திருக்கின்றன. எல்லாம் மூடின. "அப்புறம்தான்" பேராசிரியரிடம் போனாய், "அப்புறம்தான்" நான் உனக்குச் சொந்த அக்கா ஆனேன்.

நீ சோதித்தது சரி. என் இடத்தில் நீ இருந்து, உன் இடத்தில் நான் இருந்தாலும் சோதித்திருப்பேன். நீ சோதித்ததில் எனக்கு வருத்தமில்லை. சோதித்துக்கொண்டே நம்புகிறேன் என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன் குப்பிகளில் சிமிழ் மூடாமல் போயிருந்தால்? உங்கள் கற்பூரம் வேறு ரகமாக இருந்து, ஏதோ ஒரு சின்னக் காரணத்தால் அன்றைக்கு மூடாமல் போயிருந்தால், அந்தக் கூட்டத்தில் நான் யார் என்று கேட்டபோது நீ என்ன சொல்லியிருப்பாய்?

உடனே பதில் எழுதாதே. உடனே எழுதினால் என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், அது எனக்கு வேண்டாம். பதில் உனக்கே நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுது. அதுவரை அம்மாவுக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கோயிலுக்குப் போயிருப்பேன், அப்போது செய்தால் அவளே எடுப்பாள்.

பிரேமாவதி